தலைநகரில் சட்டம், வயலில் நஞ்சு: பாகாலா ஆந்தைகளுக்குக் காவல் யார்?

புதுதில்லி:

தீபாவளி நெருங்கும் நாட்களில் உத்தராகண்ட் மாநிலத்தின் கார்பெட், ராஜாஜி புலிகள் காப்பகங்களில் வன ஊழியர்களின் ரோந்து தீவிரப்படுத்தப்படுவது பல ஆண்டுகளாகச் செய்தியாகி வருகிறது. இந்தக் கூடுதல் காவல் புலிக்காக அல்ல, ஆந்தைக்காக. செல்வத்துக்கு அதிபதியான லட்சுமியின் வாகனம் ஆந்தை என்பது வட இந்தியாவில் பரவலான நம்பிக்கை. அந்த வாகனத்தையே தீபாவளி இரவில் பலியிட்டால் லட்சுமி வீட்டை விட்டு அகலமாட்டாள் என்று மாந்திரீகர்கள் சிலர் கட்டிவிட்ட கதை, வயலிலும் காட்டிலும் வாழும் பறவையைக் கூண்டுக்குள் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறது.

இது வெறும் வதந்தி அன்று. காட்டுயிர் வர்த்தகத்தைக் கண்காணிக்கும் ‘டிராஃபிக் இந்தியா’ அமைப்புக்காகப் பறவையியலாளர் அப்ரார் அகமது தயாரித்த அறிக்கையை, 2010 நவம்பரில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தலைநகரில் வெளியிட்டார். நாட்டில் பதிவாகியுள்ள 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் பறவைச் சந்தைகளில் விற்கப்படுவதை அந்த அறிக்கை பதிவு செய்தது. மண்டையோடு, இறகு, நகம், ஈரல் என்று உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விலை இருந்தது. ஹாரி பாட்டர் கதைகளின் தாக்கத்தால் நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களும் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கித் தரும் மோகத்தில் இறங்கியுள்ளன என்று அமைச்சர் அப்போது வருந்தினார். 2021 தீபாவளியை ஒட்டி அதே அமைப்பு வெளியிட்ட தகவலில், 36 இனங்களில் குறைந்தது 16 இனங்கள் கடத்தலில் காணப்படுவதாகக் கூறப்பட்டது.

தலைநகரின் பத்திரிகைகளில் ஆந்தை ஆண்டுக்கு ஒருமுறை, பண்டிகையோடு வந்து பண்டிகையோடு போய்விடும். ஆனால் ஆந்தைக்கு ஆபத்து அமாவாசை இரவில் மட்டும் வருவதில்லை. தெற்கே வேறு கதை நடக்கிறது. அதைப் பார்க்கப் பாகாலா போன்ற ஒரு வட்டாரம் போதும்.

ரயில் சந்திப்புக்கு அப்பால்

காட்பாடியில் இருந்து திருப்பதி செல்லும் தமிழ்ப் பயணிகளுக்குப் பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. தர்மாவரம் பாதை பிரியும் இடம். 1911-இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தின் ஊர் அது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்ட பகுதி. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்தின் பக்கம் சென்றது. சுவர்ணமுகி ஆறு பிறப்பது இதன் அருகிலுள்ள மலைகளில்தான்.

ரயில் சன்னலில் தெரிவது என்னவோ பாறைக் குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் நிலக்கடலையும், நீர் உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும், மேட்டில் மாந்தோப்புகளும்தான். ஆந்தைக்கு இதைவிட ஏற்ற நிலம் அமைவது அரிது. பாறை இடுக்கு கொம்பன் ஆந்தைக்கு உரியது. தலையில் இரு கொம்புபோல் இறகு நிற்கும் இந்தப் பெரிய ஆந்தை மரத்தைவிடப் பாறையையும் மண்சரிவையுமே கூடாக விரும்பும். வயதான மாமரத்தின் பொந்தும் புளிய மரத்தின் பொந்தும் புள்ளி ஆந்தைக்கு. அந்தி சாயும் நேரத்தில் மின்கம்பியில் அமர்ந்து தலையை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும் சிறு பறவை அதுதான். பாழடைந்த மண்டபமும் கைவிடப்பட்ட கட்டடமும் வெண்கூகைக்கு. இதய வடிவில் வெள்ளை முகம் கொண்ட இந்தப் பறவைக்குத்தான் நம் கிராமங்களில் ‘சாவுக்குருவி’ என்ற பெயரும் கிடைத்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் கூகை, தெலுங்கில் கூப, கன்னடத்தில் கூபெ. பறவையின் குரலே மூன்று மொழிகளிலும் பெயராகி நிற்கிறது. மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் இந்த வட்டாரத்தில் பெயர் மட்டுமல்ல, அச்சமும் பொதுவானது. கூரையில் கூகை அமர்ந்தால் வீட்டில் சாவு விழும் என்ற எண்ணம் மொழி பார்ப்பதில்லை. வடக்கே தெய்வத்தின் வாகனம் என்பதால் பிடிக்கப்படும் பறவை, தெற்கே எமனின் தூதன் என்பதால் கல்லெறிந்து விரட்டப்படுகிறது. திருக்குறளில் காலமறிதல் அதிகாரம், பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையை உவமையாகக் கொண்டே தொடங்குகிறது. அங்கே அது அபசகுனம் அன்று. தனக்குரிய பொழுதில் வலிமை பெறும் ஓர் உயிர். சகுனப் பேச்சு நடத்துவோர் வள்ளுவரை அந்த இடத்தில் மறந்துவிடுகின்றனர்.

இரவு வேலைக்காரன்

இந்த வட்டாரத்தின் விவசாயிக்கு எலி சிறு தொல்லை அன்று. வரப்பில் வளை தோண்டும் அகழான், புன்செய் நிலத்து வெள்ளெலி, வயல் சுண்டெலி என்று ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பகைவன் உண்டு. அகழான் தின்பதோடு நிற்பதில்லை. கதிர்களை அறுத்து வளைக்குள் சேமித்தும் வைக்கும். மூன்று வாரத்துக்குச் சற்று மேற்பட்ட கர்ப்ப காலம், ஒரு ஈற்றில் பல குட்டிகள். தப்பிய ஒரு இணை, அடுத்த பருவத்தில் ஒரு வரப்பையே நிரப்பிவிடும்.

இந்த எலிகளுக்கு எதிராக ஊதியமின்றி இரவு முழுவதும் உழைப்பது ஆந்தை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1990-களில் காவிரி டெல்டாவின் வெண்கூகைகள் என்ன உண்கின்றன என்பதை ஆராய்ந்தனர். ஆந்தை இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக வெளியே கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்து எலும்புகளை எண்ணினால் உணவுப் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் பெரும்பங்கு வயல் எலிகளே. புதுச்சேரி சுற்றுப்புறத்தில் கொம்பன் ஆந்தையைப் பற்றி நடந்த ஆய்வுகளும் அதன் உணவில் எலிகளே முதன்மை என்று காட்டின. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு வெண்கூகைக் குடும்பம் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்க்கும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் இருந்து பெறப்படும் மதிப்பீடு.

வெண்கூகையின் வேட்டைக்குக் கண்கூடத் தேவையில்லை. அதன் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றொன்று கீழே. ஒலி இரு காதுகளையும் அடைவதில் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டே எலி இருக்கும் இடத்தை அது கணித்துவிடுகிறது. முற்றிலும் இருட்டாக்கப்பட்ட அறையில் அது சுண்டெலியைப் பிடித்துக் காட்டியதை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடத்திய சோதனைகளில் நிறுவினார்.

பாகாலா வட்டாரத்தில் எலிக்கு எதிரான வேறொரு பழைய படையும் உண்டு. அது ஏனாதிகள் எனப்படும் பழங்குடி மக்கள். வளையின் வாயில் பானை வைத்து, வைக்கோலை எரித்துப் புகையூதி எலியைப் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். பிடித்த எலி அவர்களுக்கு உணவு. வளைக்குள் எலி சேர்த்து வைத்த தானியமும் அவர்களுக்கே. தமிழகத்தில் இருளர்கள் செய்யும் அதே வேலை. நஞ்சு வைத்த வயலில் ஆந்தைக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் கதவு அடைபடுகிறது. எலி ஒழிப்பைப் பற்றிப் பேசும் அரசுக் கூட்டங்களில் இந்த இரு தரப்பும் இடம்பெறுவதில்லை.

நஞ்சு செல்லும் வழி

எலிக்கு வைக்கப்படும் நஞ்சில் இரு வகைகள் பெருவழக்கு. ஒன்று சிங்க் பாஸ்பைடு. உண்ட எலியின் வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறி விரைவில் கொல்லும். அதைச் சிறிதளவே தின்று பிழைத்த எலிகள் மீண்டும் அந்த இரையைத் தொடாது. எனவே அடுத்த கட்டத்தில் புரோமடியலோன் வைக்கப்படுகிறது. 96 பங்கு நொய்யரிசி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்துத் தூள் என்பது ஆந்திர விவசாயிகளுக்குப் பழகிய கணக்கு. இது இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. எலி உடனே சாகாது. மூன்று நான்கு நாட்களோ அதற்கு மேலோ நடமாடி, உள்ளே இரத்தம் கசிந்து இறக்கும். எலிக்குச் சந்தேகம் எழாது என்பதே விற்பனைக்குச் சொல்லப்படும் சிறப்பு.

ஆந்தைக்கு அதுவே கேடாகிறது. நஞ்சுண்ட எலி அந்த நாட்களில் தளர்ந்து, மறைவிடத்தை விட்டு வெளியே தள்ளாடுகிறது. எளிதில் சிக்குவதும் அதுதான். எலியின் ஈரலில் தங்கிய மருந்து ஆந்தையின் ஈரலுக்குச் செல்கிறது. ஓர் எலியால் சாகாவிட்டாலும் அடுத்தடுத்த எலிகளால் சேர்ந்துவிடும். ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா டெல்டா மாவட்டங்களில் வேளாண் துறையே புரோமடியலோனை இலவசமாக வழங்கி, ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் இரை வைக்கும் கூட்டு எலி ஒழிப்பு இயக்கங்களை நடத்தி வந்துள்ளது. எலியைப் பொறுத்தவரை அது சரியான உத்திதான்; ஒருவர் வயலில் மட்டும் வைத்தால் அடுத்த வயலில் இருந்து எலி வந்துவிடும். ஆனால் ஒரே வாரத்தில் ஓர் ஊரின் எலிகள் எல்லாம் நஞ்சேறியவை ஆகும்போது, அந்த ஊரின் ஆந்தை எதைத் தின்னும் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

கடன் வாங்கி விதைத்த விவசாயி, எலி தின்றது போக மிச்சத்தை அறுக்கட்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கேள்வி அவரை நோக்கியது அன்று. மருந்தைப் பரிந்துரைக்கும் துறையை நோக்கியது.

மூன்று அலுவலகங்கள், ஒரு பறவை

சட்டத்தில் குறையில்லை என்று தலைநகரில் சொல்லப்படும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தையைப் பிடிப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடை செய்கிறது. மகாராஷ்டிரத்தில் 1997-இல் 113 ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் கண்டறியப்பட்ட காட்டு ஆந்தை முதல் அட்டவணையில் இருந்தது. பெரும்பாலான மற்ற ஆந்தைகள் நான்காம் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தன. அதற்கு அடுத்த ஐந்தாம் அட்டவணை, தீங்குயிர்களின் பட்டியல். காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு எலியும் சுண்டெலியும் அதில் இருந்தன. சட்டப் புத்தகத்தில் ஆந்தையும் அதன் இரையும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தும், ஒன்றுக்கு வைக்கும் நஞ்சு மற்றொன்றைக் கொல்லும் என்ற தொடர்பு அந்தப் பக்கங்களில் இல்லை.

2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தது. தீங்குயிர் அட்டவணை நீக்கப்பட்டது. பொதுவான குற்றங்களுக்கான அபராத வரம்பு 25 ஆயிரம் ரூபாயில் இருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. பறவையைக் கூண்டில் வைத்து விற்பவனை இந்தச் சட்டம் பிடிக்கும். நொய்யரிசியில் கலந்த தூளை அது பார்க்காது. தூளுக்கு வேறு சட்டம்: 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன்படி மருந்துகளுக்குப் பதிவு வழங்கும் குழு, தலைநகரை ஒட்டிய ஃபரீதாபாதில் இயங்குகிறது. மருந்தை வயலுக்குக் கொண்டு செல்வது மாநில வேளாண் துறை. 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வன விலங்குகள், பறவைகள் பாதுகாப்பைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. வேளாண்மை மாநிலப் பட்டியலிலேயே உள்ளது. பாகாலா ஆந்தை வனத்துறையின் பொறுப்பு. அது உண்ணும் எலி வேளாண் துறையின் பொறுப்பு. எலி உண்ணும் நஞ்சு ஃபரீதாபாதின் பொறுப்பு.

வனத்துறையின் கவனமும் வேறு இடத்தில் உள்ளது. சேஷாசலம் மலைகளில் செம்மரக் கடத்தலைத் தடுப்பதிலேயே அதன் ஆட்பலம் கரைகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் மாண்டதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. அந்த மலைக்கு அப்பால், வனத்தின் எல்லைக்கு வெளியே, தனியார் மாந்தோப்பில் வாழும் பறவையை எண்ணுவதற்கு எவரும் அனுப்பப்படுவதில்லை. 2023 ஆகஸ்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, வேட்டையாடும் பறவைகளும் திறந்தவெளிப் பறவைகளும் குறைந்து வருவதாக எச்சரித்தது. பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் பகலில் பார்த்துப் பதிவு செய்தவற்றைத் தொகுத்த கணக்கு அது. இரவுப் பறவையின் நிலை அதில் எவ்வளவு தெரியவரும் என்பது ஐயமே.

மருந்தால் பறவை அழிந்ததை இந்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி, அந்தக் கால்நடைகளின் பிணத்தைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2004-இல் காரணம் உறுதியானது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தருவதை மத்திய அரசு தடை செய்தது. அதற்குள் பிணந்தின்னிக் கழுகுகளில் மிகப் பெரும்பான்மை அழிந்துவிட்டது. கழுகு பகலில் வானில் வட்டமிடும் பறவை என்பதால் அதன் இன்மையாவது கண்ணில் பட்டது.

மலேசியாவின் பாடம்

ஆந்தையையும் நஞ்சையும் ஒரே தோட்டத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை மலேசியா நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த செம்பனைத் தோட்டங்களில், எலிகளைக் கட்டுப்படுத்த வெண்கூகைகளுக்குக் கூடுப் பெட்டிகள் அமைக்கப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் புரோமடியலோன் வகையைச் சேர்ந்த புதிய நஞ்சுகள் அங்கு வந்தபோது கூகைகள் குறைந்ததை டக்கெட் என்ற ஆய்வாளர் 1984-இல் பதிவு செய்தார். தோட்டங்கள் கூடுப் பெட்டிகளைக் கைவிடவில்லை. எந்த நஞ்சைத் தவிர்ப்பது என்ற கேள்வி அங்கே எழுந்தது.

இஸ்ரேலில் ஸ்தே எலியாஹு கூட்டுப்பண்ணையில் 1980-களின் தொடக்கத்தில் தொடங்கிய கூடுப் பெட்டித் திட்டத்தில் பின்னர் ஜோர்டானிய விவசாயிகளும் பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்தனர். எல்லைகளை ராணுவம் காக்கும் நிலத்தில் கூகை மட்டும் அனுமதிச் சீட்டின்றி இருபுறமும் வேட்டையாடியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2020-இல் சட்டம் இயற்றி இவ்வகை எலி நஞ்சுகளின் பயன்பாட்டைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2021-இல் தற்காலிகத் தடை விதித்து, 2023-இல் அதை நிரந்தரமாக்கியது. அங்கே ஆந்தைகளின் சாவே மக்கள் குரலை எழுப்பியது. இந்தியாவிலும் லட்சத்தீவின் கவரத்தியில் தென்னையை அழிக்கும் எலிகளுக்கு எதிராக வெண்கூகைகளைக் கொண்டு முன்னோட்டத் திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. ஒரு தீவில் அரசே அழைத்து வரும் பறவைக்கு நிலப்பரப்பில் அரசே நஞ்சு வைக்கும் முரண்பாட்டை யாரும் சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை.

காவிரி டெல்டாவுக்கு இதெல்லாம் புதிதன்று. கோட்டான் வந்து அமர வயலில் குச்சி நடும் வழக்கம் அங்கே பழையது. தென்னை மட்டையோ, மேல்முனையில் வைக்கோல் சுற்றிய கழியோ போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எலிக் கட்டுப்பாட்டுக்கு ஹெக்டேருக்கு 40 முதல் 50 பறவை தாங்கிகள் வரை நடப் பரிந்துரைக்கிறது. அதோடு மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி உண்டு. கிட்டியில் சிக்கிய எலியால் எந்தப் பறவைக்கும் கேடில்லை. கிட்டி வைப்பவருக்குக் கூலியும் கிடைக்கிறது.

பாகாலாவின் நிலக்கடலை போன்ற தாழ்ந்த பயிருக்குப் பறவை தாங்கி நன்கு பொருந்தும். நெல்லில் கதிர் பால் பிடிக்கும் பருவம் வந்ததும் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஆந்தை அமரும் குச்சியில் பகலில் குருவிகள் அமர்ந்து மணியைக் கொத்தும். கரும்பு ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டால் குச்சிக்கு வேலை இல்லை. அங்கே வரப்போரத்துப் பனையையும் பொந்து விழுந்த பழைய மாமரத்தையும் வெட்டாமல் விடுவதுதான் வழி.